தோற்றால் வெளியே: நாக் அவுட் அட்டவணை போடும் முறை

போட்டி நடத்துவதென்று முடிவான அன்றே விழாக் குழுவில் ஒருவர் கேட்பார்: "பதினாறு டீம் வந்தா மொத்தம் எத்தனை மேட்ச்?" இன்னொருவர் நோட்டீஸின் பின்பக்கத்தில் எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு என்று கூட்ட ஆரம்பிப்பார். பதினாறுக்கு அது ஒழுங்காக வந்துவிடும். பத்தொன்பது அணி என்றால் பேனா பாதியில் நிற்கும். கூட்டவே தேவையில்லை. நாக் அவுட்டில் ஒவ்வொரு ஆட்டமும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்ச வேண்டும். பத்தொன்பது அணிகளில் பதினெட்டு வெளியேற வேண்டுமானால் பதினெட்டு ஆட்டங்கள். அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழியுங்கள், அவ்வளவுதான். மூன்றாம் பரிசுக்குத் தனி ஆட்டம் வைத்தால் அந்த ஒன்றைத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய போட்டியானாலும் இந்தக் கணக்கு மாறாது. விம்பிள்டன் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். ஏழு சுற்று, 127 ஆட்டம், சாம்பியன் கிடைத்துவிடுகிறார். அதே 128 பேரை லீக் முறையில் ஒவ்வொருவரோடும் ஒவ்வொருவரை மோதவிட்டால் 8,128 ஆட்டம் நடத்த வேண்டியிருக்கும். நம் அளவுக்கு வருவோம்: பதினாறு அணிக்கு லீக் என்றால் 120 ஆட்டம், நாக் அவுட் என்றால் 15. கோயில் திருவிழாவையொட்டி ஒரே இரவில், ஒரே களத்தில் மின்னொளி கபடி நடத்தும் ஊருக்கு வேறு வழி ஏது? நம் ஊர்ப் போட்டிகளில் நாக் அவுட் நிலைத்து நின்றதற்கு இந்தச் சிக்கனம் ஒன்றே போதுமான காரணம்.

சிக்கனத்துக்கு விலையும் உண்டு. பதினாறில் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு கிளம்பிவிடும். வேன் பிடித்து, எண்பது கிலோமீட்டர் வந்து, முழுதாக நாற்பது நிமிஷம்கூட ஆடாமல் திரும்பும் பையன்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரிய இடங்களிலும் இதே கதைதான். ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராஸுக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. போட்டி நாக் அவுட் என்பதால் மைசூர் அணிக்கு அந்த ஆண்டு ரஞ்சியே அன்று சாயங்காலத்தோடு முடிந்துபோனது. மண்டலங்களுக்குள் எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடும் முறை 1957-58இல்தான் வந்தது.

ஆகவே இந்த முறையிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று முதலிலேயே தெளிவாக இருங்கள். முதலிடம் யாருக்கு என்ற ஒரு கேள்விக்குத்தான் நாக் அவுட் பதில் சொல்லும். இரண்டாவது யார், ஐந்தாவது யார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த ஒரு பதிலாவது நியாயமாக வருமா என்பதும் முதல் விசிலுக்கு முன்பே, அட்டவணைத் தாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தத் தாளைப் பற்றியது.

‘பை’ யாருக்கு, எத்தனை?

அணிகள் 4, 8, 16, 32 என்று அமைந்தால் தலைவலி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பாதி பாதியாகக் குறைந்து இரண்டில் வந்து நிற்கும். ஆனால் என்ட்ரி கொடுப்பவர்கள் உங்கள் வசதி பார்த்துக் கொடுப்பதில்லை. பதினொன்று வரும், இருபத்திரண்டு வரும். அப்போது சில அணிகள் முதல் சுற்று ஆடாமலேயே இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டும். இதைத்தான் களத்தில் ‘பை’ என்கிறோம்.

எல்லோரும் இடறும் இடம் இது. பதினொரு அணி என்றதும் ஐந்து ஜோடி போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றுக்கு ‘பை’ கொடுப்பார்கள். அடுத்த சுற்றில் ஆறு அணி, மூன்று ஆட்டம். அதற்கடுத்து மூன்று அணி. இப்போது அரையிறுதியில் ஒரு ஜோடிதான் இருக்கிறது, மூன்றாவது அணி ஆடாமலேயே இறுதிப் போட்டிக்குப் போகிறது. அங்கே கூச்சல் கிளம்பாவிட்டால்தான் ஆச்சரியம்.

விம்பிள்டனே இந்தக் குழியில் விழுந்திருக்கிறது. 1877இல் நடந்த முதல் போட்டிக்கு வந்தவர்கள் 22 பேர். அது 11 ஆனது, பிறகு 6, பிறகு 3. வில்லியம் மார்ஷல் அரையிறுதி ஆடாமலேயே இறுதிக்குப் போனார். அரையிறுதி ஆடி வென்று வந்த ஸ்பென்சர் கோர் அவரை நேர் செட்டுகளில் தோற்கடித்துப் பட்டம் வென்றார். அதனால் முணுமுணுப்பு அடங்கியது. மார்ஷல் வென்றிருந்தால் அந்தப் பட்டத்தைப் பற்றி இன்றும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

சரியான விதி எளிமையானது: ‘பை’ எல்லாமே முதல் சுற்றிலேயே தீர்ந்துவிட வேண்டும். வந்திருக்கும் எண்ணிக்கைக்கு அடுத்த இரட்டிப்பு எண் எது என்று பாருங்கள் (8, 16, 32, 64). அதிலிருந்து அணிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் ‘பை’ எத்தனை என்பது வந்துவிடும். 11 அணிக்கு அடுத்தது 16, ஆகவே 5 ‘பை’. மிச்சம் ஆறு அணிகள் முதல் சுற்றில் மூன்று ஆட்டம் ஆடும். வென்ற மூன்றும் ‘பை’ பெற்ற ஐந்தும் சேர்ந்து எட்டு. அதன்பின் காலிறுதி, அரையிறுதி, இறுதி, எங்கும் இடறல் இல்லை. 1877இல் இப்படிச் செய்திருந்தால் 10 பேருக்கு ‘பை’, 12 பேர் ஆடி ஆறு ஆட்டம், இரண்டாம் சுற்றில் கச்சிதமாக 16 பேர் இருந்திருப்பார்கள்.

‘பை’ என்பது வெறும் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். ஒரே இரவில் நடக்கும் கபடியில் அது பெரிய வரம். ஓர் ஆட்டத்தின் மூச்சும் முட்டிவலியும் மிச்சமாகும். எதிரணியின் ரைடர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று உட்கார்ந்து பார்த்துக்கொள்ளவும் முடியும். அதனால் ‘பை’ யாருக்குப் போகிறது என்பதைக் குழு தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாது. தரவரிசைப்படி மேலே உள்ளவர்களுக்குக் கொடுங்கள், மிச்சத்தைக் குலுக்கலில் விடுங்கள். போட்டி நடத்தும் ஊரின் சொந்த அணிக்கு எக்காரணம் கொண்டும் சும்மா ‘பை’ கொடுத்துவிடாதீர்கள். குலுக்கலில் உண்மையாகவே விழுந்திருந்தாலும் வெளியூர்க்காரர் நம்பப் போவதில்லை. உள்ளூர் அணியை ‘பை’ குலுக்கலில் சேர்க்காமல் நேராக முதல் சுற்று ஆடவிடுவது மேல் என்பது என் கட்சி.

எண்களை உட்கார வைப்பது

இப்போது தாளை எடுங்கள். நல்ல அணிகள் தொடக்கத்திலேயே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகாமல் பிரித்து வைப்பதைத்தான் சீடிங் என்கிறோம். விம்பிள்டனில் ஆட்டத் தரத்தை வைத்துச் சீடிங் செய்வது 1927இல் வந்தது. 2001 முதல் அங்கே 32 பேருக்குச் சீடிங் உண்டு. முதலிரண்டு இடத்தில் இருப்பவர்கள் அட்டவணையின் எதிரெதிர்ப் பாதியில் இருப்பதால் இறுதிக்கு முன் சந்திக்கவே முடியாது.

எந்த எண் எங்கே உட்கார வேண்டும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு வரிகளில் தொடங்குங்கள்: மேலே 1, கீழே 2. இது இறுதிப் போட்டி. அடுத்து அரையிறுதிக்கு நான்கு வரி: ஜோடியின் கூட்டுத்தொகை 5 வர வேண்டும். ஆகவே 1-க்குப் பக்கத்தில் 4, 2-க்குப் பக்கத்தில் 3. அடுத்து எட்டு வரி, கூட்டுத்தொகை 9: ஒன்றுக்கு எட்டு, நான்குக்கு ஐந்து, மூன்றுக்கு ஆறு, இரண்டுக்கு ஏழு. பதினாறு வரிக்குக் கூட்டுத்தொகை 17. இப்படி உடைத்துக்கொண்டே போனால் 64 வரை பிழையில்லாமல் போட்டுவிடலாம்.

பதினொரு அணியை இதில் வைத்துப் பார்ப்போம். பதினாறு வரி அட்டவணையில் மேல்பாதியில் 1-16, 8-9, 5-12, 4-13 என்ற ஜோடிகள் வரும். கீழ்ப்பாதியில் 3-14, 6-11, 7-10, 2-15. நம்மிடம் 12 முதல் 16 வரை அணிகளே இல்லை. அந்த எண்களுக்கு எதிரே இருக்கும் 1, 2, 3, 4, 5 ஆகியவைதான் ‘பை’ பெறும் அணிகள். தானாகவே மேல்தட்டுக்குப் போய்விட்டது பாருங்கள். முதல் சுற்று ஆட்டங்கள் 8-9, 6-11, 7-10. காலிறுதியில் 1-ஆம் அணி 8-9 ஆட்டத்தில் வென்றவரோடு மோதும், நான்கும் ஐந்தும் நேராக மோதும், 3-ஆம் அணி 6-11இல் வென்றவரோடு, 2-ஆம் அணி 7-10இல் வென்றவரோடு. மூன்று, நான்கு, இரண்டு, ஒன்று என மொத்தம் பத்து ஆட்டம். பதினொன்றில் ஒன்று குறைவு, கணக்கு சரி.

உள்ளூர்ப் போட்டியில் பதினொரு அணியையும் தரம் பிரிக்க உங்களுக்கு எந்த ஆதாரமும் இருக்காது. தேவையும் இல்லை. போன வருஷம் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகள் மீண்டும் வந்திருந்தால் அவற்றுக்கு மட்டும் 1 முதல் 4 வரை இடம் கொடுங்கள், மற்ற ஏழும் சீட்டில் போகட்டும். "அந்த டீம்ல ஸ்டேட் பிளேயர் ஒருத்தர் இருக்காரு" என்ற காற்றுவாக்குத் தகவலுக்கெல்லாம் சீடிங் கொடுக்காதீர்கள். எழுத்தில் காட்டக்கூடிய அளவுகோல் இருந்தால் சீடிங், இல்லாவிட்டால் எல்லாமே குலுக்கல். நடுவில் நின்று சமாளிப்பதுதான் வம்பு.

ஒரே ஊரின் ‘ஏ’ அணியும் ‘பி’ அணியும் வந்தால் எதிரெதிர்ப் பாதியில் வையுங்கள். மூன்று அணி வந்தால் வெவ்வேறு காலிறுதிக் கட்டங்களில். அண்ணன் அணிக்குத் தம்பி அணி விட்டுக்கொடுத்தது என்ற பேச்சு கிளம்பிவிட்டால், உண்மையாகவே மூச்சுமுட்ட ஆடித் தோற்ற பையன்களுக்கும் அது களங்கம்.

குலுக்கல்

குலுக்கலுக்கு அணிக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். வராதவர்கள் பெயரையும் எழுதி, எல்லோர் முன்னாலும் மடித்துப் போடுங்கள். காலி அட்டவணையை முன்கூட்டியே சார்ட்டில் வரைந்து சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். சீட்டு எடுக்க எடுக்க அங்கேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுத வேண்டும். "சீட்டு எடுத்தாச்சு, அட்டவணைய ராத்திரி போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பிடறோம்" என்று சொன்னால் குலுக்கல் நடத்தியதன் பலனே போய்விடும். எழுதி முடித்ததும் அங்கிருக்கும் யாராவது ஒருவரைப் படம் எடுத்துக் குழுவில் போடச் சொல்லுங்கள். ஆட்டங்களுக்கு வரிசை எண் கொடுங்கள். அடுத்த சுற்றுக் கட்டத்தில் "4-வது ஆட்டத்தில் வென்றவர்" என்று முன்பே எழுதிவிட்டால் நடு இரவில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்கும் வழக்கமும் உண்டு. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து அப்படித்தான் நடக்கிறது. சீடிங் கிடையாது, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மீண்டும் சீட்டு. இரண்டு பெரிய கிளப்புகள் சீக்கிரமே மோதி ஒன்று வெளியேறும், எங்கோ கிடக்கும் சிறு கிளப்புக்குப் பெரிய அணியோடு ஆடும் யோகம் அடிக்கும். அந்தப் பரபரப்புக்காகவே அங்கே அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று வாரக்கணக்கில் இடைவெளி இருக்கும் போட்டிக்கு அது அழகு. ஓர் இரவுக் கபடிக்கு வேண்டாம். அரைமணிக்கு ஒரு தரம் சீட்டு மடிப்பதற்குள் கூட்டம் பொறுமை இழந்துவிடும், "காலிறுதிச் சீட்ட யாரு மடிச்சது?" என்ற கேள்வியும் முளைக்கும்.

குலுக்கலுக்குப் பிறகு ஓர் அணி வரவில்லை என்று போன் வந்தால் அட்டவணையைக் கலைக்காதீர்கள். எதிரணிக்கு வாக் ஓவர், அவ்வளவே. கடைசி நேரத்தில் ஓர் அணி கெஞ்சிக்கொண்டு வந்து நின்றால், ‘பை’ இடம் காலியாக இருந்து, எல்லா அணித் தலைவர்களும் சம்மதித்தால் மட்டும், சீட்டுப் போட்டு ஏதாவது ஒரு ‘பை’ இடத்தில் நிறுத்தலாம். நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன். ஒருவருக்குக் கதவு திறந்தால் வாசலில் இன்னும் இருவர் நிற்பார்கள்.

ஓர் இரவின் கணக்கு

முழு நேரக் கபடி என்றால் இருபது நிமிஷம் வீதம் இரண்டு பாதி, நடுவே ஐந்து நிமிஷ இடைவேளை. டைம் அவுட், அணிகள் இறங்கி ஏறும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் போய்விடும். பதினாறு அணி, மூன்றாம் பரிசு ஆட்டத்தோடு பதினாறு ஆட்டம், பதினாறு மணி நேரம். ஓர் இரவில் நடக்காது. பதினைந்து நிமிஷப் பாதியாகக் குறைத்தால் ஆட்டத்துக்கு முக்கால் மணி. ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கினால் காலை ஏழு மணிக்கு முடியும். இறுதிப் போட்டியைப் பார்க்கப் பால்காரரும் பேப்பர் போடும் பையனும்தான் இருப்பார்கள்.

இரண்டு களம் போட முடிந்தால் நிலைமையே வேறு. முதல் சுற்றின் எட்டு ஆட்டங்கள் நான்கு வேளையில் முடியும், காலிறுதி இரண்டு வேளை. அரையிறுதிகளையும் ஒரே நேரத்தில் இரு களத்தில் வைத்து நேரம் மிச்சம் பிடிக்கத் தோன்றும். செய்யாதீர்கள், கூட்டம் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஆட்டமும் களையிழக்கும். அரையிறுதி இரண்டும் தனித்தனி, மூன்றாம் பரிசு, இறுதி என நான்கு வேளை. மொத்தம் பத்து வேளை, ஏழரை மணி நேரம். அதிகாலை இரண்டரைக்கு மேடையில் பரிசு கொடுத்துவிடலாம். ஒரே களம்தான் என்றால் என்ட்ரியைப் பன்னிரண்டோடு நிறுத்துவதே மரியாதை. நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் முதல் சுற்றில் குறையுங்கள். அரையிறுதியிலும் இறுதியிலும் கை வைக்காதீர்கள்.

ஓய்வு நேரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு களத்தில் பதினாறு ஆட்டத்தையும் வரிசையாக நடத்தினால், முதல் ஆட்டத்தில் வென்ற அணி 9-வது ஆட்டத்தில்தான் மறுபடி இறங்கும், நடுவே ஏழு ஆட்டம் ஓய்வு. 8-வது ஆட்டத்தில் வென்ற அணி 12-வதில் இறங்கிவிடும், மூன்று ஆட்டம்தான் ஓய்வு. 12-வது ஆட்டத்தில் வென்றவருக்கு 14-வதே அரையிறுதி, நடுவே ஒரே ஓர் ஆட்டம். கீழே போகப் போக இப்படி நெருக்கும். ஒரு சுற்றின் ஆட்டங்களை அட்டவணை வரிசையிலேயே நடத்துவதுதான் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கக்கூடிய அளவில் வைக்கும். "அந்த டீம் இன்னும் வரல, இத முன்னாடி விடுவோம்" என்று ஒரு தரம் மாற்றினால் பாதிப்பு இறுதி வரை போகும்.

இதில் மூன்றாம் பரிசு ஆட்டத்துக்கு ஒரு மறைமுகப் பயன் உண்டு. இரண்டாவது அரையிறுதியில் வென்றவர்கள் மூச்சு வாங்க அது நேரம் கொடுக்கிறது. ஆனால் அதே அரையிறுதியில் தோற்றவர்களைத் தண்ணீர் குடிப்பதற்குள் மூன்றாம் பரிசுக்கு இழுத்துவிடுகிறது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதையும் உபயதாரர்கள் பெயர் வாசிப்பதையும் சரியாக அந்த அரையிறுதிக்கும் மூன்றாம் பரிசு ஆட்டத்துக்கும் நடுவே வையுங்கள். பேச்சாளர் நீட்டி முழக்கினாலும் நன்றி சொல்ல இரண்டு அணிகளாவது இருக்கும்.

நல்ல அணி தோற்கும்போது

வந்திருப்பதிலேயே சிறந்த அணி எந்த எதிரியையும் பத்தில் எட்டு முறை வெல்லும் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு அணிப் போட்டியில் அது தொடர்ந்து நான்கு ஆட்டம் வெல்ல வேண்டும். 0.8-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.41. அதாவது பத்தில் ஆறு முறை வேறு யாரோ கோப்பையைக் கொண்டுபோவார்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவரே ஜெயித்தவர் என்று ஒவ்வொரு சுற்றையும் வைத்தால் இது 0.64 ஆக ஏறும். ஒரே ஆட்டத்தில் முடிவு என்பதில் அதிர்ச்சித் தோல்விகள் கலந்தே வரும். பார்க்கிறவர்களுக்கு அதுதான் சுவை, ஆகவே அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

கவலைப்பட வேண்டியது இரண்டாம் பரிசைப் பற்றி. ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர். டென்னிஸ் போட்டிகளில் பரிசு கொடுக்கும் முறை தவறு என்று வாதாடி 1883இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் 32 பேர். ஆட்டங்களில் எப்போதும் திறமைதான் வெல்லும் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் குலுக்கலில் முதல்வரின் எதிர்ப்பாதியில் விழுந்தால்தான் இரண்டாம் பரிசு பெற முடியும். அதற்கான வாய்ப்பு 31இல் 16. ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போலத்தான். உங்கள் பதினாறு அணிக்கு அது 15இல் 8. முதல் சுற்றிலேயே சாம்பியனிடம் ஒரு புள்ளியில் தோற்ற அணிதான் வந்தவர்களில் இரண்டாவது சிறந்த அணியாக இருக்கலாம். அது அப்போதே வேனில் ஏறிப் போயிருக்கும்.

மல்யுத்தத்தில் இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். இறுதிக்குப் போனவரிடம் தோற்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டு வெண்கலத்துக்கு ஆடவிடுவார்கள், ரெப்பசாஜ் என்று பெயர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சுஷில் குமார் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் இறுதிவரை போனதால் இவருக்கு மறுவாய்ப்பு கிடைத்தது, அதில் வரிசையாக வென்று வெண்கலம் வாங்கினார். 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்றதும் இதே வழியில்தான். குத்துச்சண்டையில் வேறு வழக்கம்: அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம், மூன்றாமிடத்துக்குத் தனிச் சண்டை இல்லை. 2012 லண்டனில் மேரி கோம் பெற்ற வெண்கலம் அப்படிப்பட்டது.

நேரம் இழுக்கும் இரவுகளில் குத்துச்சண்டை வழக்கமே நமக்கு உதவும். மூன்றாம், நான்காம் பரிசுத் தொகையைச் சேர்த்து இரண்டாகப் பிரித்து அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் சமமாகக் கொடுத்துவிடலாம். அதைவிட முக்கியம், முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வைக்கலாம், ஆனால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே பெரிய தொகை வித்தியாசம் வைக்காதீர்கள். அந்த இரண்டு இடங்களைப் பிரித்துச் சொல்லும் தகுதி இந்த முறைக்குக் கிடையாது.

கையில் இரண்டு நாளும் இரண்டு களமும் இருந்தால் பதினாறு அணியை நான்கு பிரிவாக்கி, பிரிவுக்குள் லீக்கும் அதன்பின் காலிறுதியிலிருந்து நாக் அவுட்டும் வைக்கலாம். 24-ம் 7-ம் ஆக 31 ஆட்டம். யாரும் ஒரே ஆட்டத்தோடு திரும்ப வேண்டியதில்லை. ஆனால் சுத்தமான நாக் அவுட்டில் இல்லாத ஒரு வியாதி அங்கே வரும்: தோற்றால் லாபம் என்ற நிலை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பாட்மின்டனில், அடுத்த சுற்றில் வசதியான எதிராளி கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்கப் பார்த்த எட்டு வீராங்கனைகளைத் தகுதி நீக்கம் செய்தார்கள். பிரிவு லீக் முடிந்ததும் காலிறுதி ஜோடிகளைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தால் இந்தக் கணக்குகளுக்கு இடமிருக்காது.

நோட்டீஸில் அச்சாக வேண்டியவை

வெளியூர் அணிகளுக்கு உணவு, தங்கும் வசதி உண்டு என்று பெரிய எழுத்தில் போடுகிறோம். விதிகளை "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். அது போதாது.

சமநிலை வந்தால் என்ன என்பது கட்டாயம் இருக்க வேண்டும், நாக் அவுட்டில் டிரா கிடையாது. கபடியில் இரு அணிக்கும் ஐந்து ஐந்து ரைடு, அதிலும் சமம் என்றால் டாஸ் போட்டு கோல்டன் ரைடு. டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் சூப்பர் ஓவர், அதுவும் சமமானால் இன்னொன்று. 2019 உலகக் கோப்பை இறுதியில் சூப்பர் ஓவரும் சமமாகி, அதிக பவுண்டரி அடித்ததாக இங்கிலாந்து கோப்பையை வாங்கியது நினைவிருக்கும். அந்த விதியை யாருக்கும் பிடிக்கவில்லை, சில மாதத்தில் ஐ.சி.சி.யே தூக்கிவிட்டது. ஆனாலும் அன்று முடிவு நின்றது. விதி முன்பே எழுதப்பட்டிருந்ததுதான் காரணம். மோசமான விதியாவது இருக்கட்டும், இல்லாமல் இருந்துவிட வேண்டாம்.

வாக் ஓவருக்கு எத்தனை நிமிஷம் காத்திருப்பது என்று எழுதுங்கள். மூன்று முறை மைக்கில் அழைத்து, கடைசி அழைப்பிலிருந்து பத்து நிமிஷம் என்பது பொதுவாக எல்லோரும் ஏற்கும் அளவு. இரு அணியுமே வராவிட்டால் அடுத்த சுற்றில் அவர்களுக்காகக் காத்திருக்கும் அணி நேராக மேலே போகும்.

ஆள் மாற்றிய புகார்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. வேறு ஊர் ஆட்டக்காரரை இறக்கிவிட்டார்கள், ஒரே ஆள் இரண்டு அணியில் ஆடினார் என்று தோற்ற அணி வந்து நிற்கும். ஆதார் நகலை என்ட்ரியின்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புகாருக்குக் கால வரம்பும் வையுங்கள்: வென்ற அணி தன் அடுத்த ஆட்டத்தில் களமிறங்கும் வரைதான். அதற்குள் புகார் நிரூபணமானால் வென்ற அணியை நீக்கித் தோற்ற அணியை அதன் இடத்தில் ஏற்றலாம். அடுத்த ஆட்டமும் முடிந்துவிட்டால் ஏற்ற முடியாது. நடுவே இன்னோர் அணி தோற்று வெளியேறியிருக்கும், அதற்கு நியாயம் யார் செய்வது? அதன்பின் உண்மை வெளிவந்தால் பரிசுத் தொகையை நிறுத்தி வைக்கலாமே தவிர அட்டவணையைத் திருத்தாதீர்கள்.

மழையும் கரண்ட்டும் கடைசி. ஆட்டம் பாதியில் நின்றால் அதே ஸ்கோரிலிருந்து தொடர்வதா, முதலிலிருந்தா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். கபடிக்கு அதே ஸ்கோர், மீதி நேரம் என்பதே நியாயம். இரவு முழுக்கக் கொட்டி, அரையிறுதியோடு போட்டியைக் கைவிட நேர்ந்தால் சீட்டுப் போட்டுச் சாம்பியனை அறிவிக்காதீர்கள். நான்கு பரிசுத் தொகையையும் கூட்டி நான்காகப் பிரித்துக் கொடுங்கள், கோப்பை அடுத்த வருஷம் வரை விழாக் குழுவிடம் இருக்கட்டும். இதையும் நோட்டீஸில் ஒரு வரி போட்டுவிட்டால், நனைந்துகொண்டு மேடையடியில் நின்று யாரும் உங்களிடம் வாதம் செய்ய முடியாது.